பிள்ளை எடுத்து வளர்க்கலாமா? தத்து, கஃபாலா, நாட்டுச் சட்டம்: அடிக்கடி வரும் கேள்விகள்

"ஹஜ்ரத், தத்து எடுப்பது ஹராமா, ஹலாலா?" என்று பலர் ஒரே வரியில் கேட்கிறார்கள். ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொன்னால் இரண்டு பக்கமும் தவறாகப் போய்விடும். ஹராம் என்று மட்டும் சொன்னால், ஆதரவற்ற ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவர நினைத்த தம்பதியர் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவார்கள். ஹலால் என்று மட்டும் சொன்னால், பிறப்புச் சான்றிதழில் தொடங்கி நிக்காஹ் தஃப்தர் வரை பொய்யின் மேல் ஒரு வாழ்க்கையைக் கட்டிவிடுவார்கள். இரண்டுமே நம் ஜமாஅத்துகளில் நடக்கின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

மார்க்கம் தடுத்தது எதை?

அறியாமைக் காலத்து அரபுகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் இன்னொருவரின் பிள்ளையைத் தன் மகன் என்று சபையில் அறிவித்துவிட்டால், அன்றிலிருந்து பெற்ற தந்தையின் பெயர் போய்விடும். வாரிசுரிமையும் இரத்த உறவும் அறிவித்தவருக்கே மாறிவிடும். ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் இப்படித்தான் மகனாக அறிவித்தார்கள். தேடி வந்த தந்தையோடு ஊர் திரும்பாமல் நபிகளாரிடமே இருந்துவிட்டவர் ஸைத். மக்கள் அவரை "ஸைத் பின் முஹம்மத்" என்றே அழைத்தார்கள். பிறகு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 ஆம் வசனங்கள் இறங்கின. வாயால் மகன் என்று சொல்வதால் ஒருவர் மகனாகிவிட மாட்டார், அவர்களை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழையுங்கள், தந்தை யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பது அவற்றின் கருத்து. அன்றிலிருந்து அவர் மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா ஆனார்.

பெயர் மாறியது, அன்பு மாறவில்லை. முஅத்தா போருக்கு அனுப்பிய படைக்கு நபி (ஸல்) அவர்கள் முதல் தளபதியாக்கியது இதே ஸைத்தைத்தான். அவருடைய மகன் உஸாமாவின் மீது நபிகளார் வைத்திருந்த பாசம் மதீனா முழுவதும் அறிந்தது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே ஸஹாபியும் ஸைத்தான்.

ஆக, தடுக்கப்பட்டது நஸபை, அதாவது வம்சாவளியை, மாற்றுவது. வளர்ப்பது தடுக்கப்படவில்லை. அநாதையைப் பொறுப்பேற்று வளர்ப்பவரும் தாமும் சொர்க்கத்தில் இப்படி இருப்போம் என்று நபி (ஸல்) அவர்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் காட்டிய ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. இந்தப் பொறுப்பேற்புக்குத்தான் கஃபாலா என்று பெயர். மர்யம் (அலை) அவர்களை ஸக்கரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்றதைச் சொல்லும்போது குர்ஆன் இந்தச் சொல்லின் வேரைத்தான் எடுத்தாள்கிறது (3:37).

கஃபாலா என்றவுடன் மாதம் ஒரு தொகையை அநாதை இல்லத்துக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதுவும் நன்மைதான். ஆனால் ஸஹாபாக்கள் காலத்தில் அது வீட்டுக்குள் நடந்த காரியம். ஹிஜ்ரி 7 இல் உம்ரா முடித்து மக்காவிலிருந்து புறப்பட்டபோது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறுமி மகள் பின்னாலேயே ஓடி வந்தாள். அவளை நான்தான் வளர்ப்பேன் என்று அலீ, ஜஅஃபர், ஸைத் மூவரும் வாதாடினார்கள். ஜஅஃபரின் மனைவி அந்தப் பிள்ளையின் சாச்சி, தாயின் உடன்பிறந்தவர். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று சொல்லி நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கே பிள்ளையைக் கொடுத்தார்கள். ஒரு அநாதைப் பிள்ளையை யார் வளர்ப்பது என்று மூன்று பேர் போட்டி போட்டார்கள்! இன்று நம் குடும்பங்களில் யார் தலையில் கட்டுவது என்றுதான் பேச்சு நடக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு என்ன இனிஷியல் போடுவது?

மற்ற மொழிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியாது. தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் வரும் அந்த ஒரு எழுத்துதான் தந்தை. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில், ரேஷன் அட்டையில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் அதுவே நஸபைச் சொல்கிறது.

தந்தை யாரென்று தெரிந்தால் குழப்பமே இல்லை, அவர் பெயரின் முதல் எழுத்துத்தான். இறந்துபோன தம்பியின் மகனை அண்ணன் வளர்க்கிறார் என்றால் தம்பியின் எழுத்தை மாற்ற அண்ணனுக்கு உரிமை கிடையாது. "பிள்ளை மனசு நோகும்" என்று மாற்றுகிறவர்கள் உண்டு. உண்மையில் பிற்காலத்தில் நோவது மாற்றியதால்தான்.

தந்தை தெரியாத பிள்ளை என்றால், பாதுகாவலர் என்ற இடத்தில் வளர்ப்பவரின் பெயரை எழுதலாம். இரத்த உறவைக் கோராமல், இன்ன வீட்டில் வளர்ந்தவர் என்ற அடையாளமாக மட்டும் ஒரு பெயர் ஒட்டிக்கொள்வதை உலமாக்கள் வேறாகப் பார்க்கிறார்கள். மிக்தாத் (ரலி) அவர்களின் உண்மையான தந்தை அம்ர். வளர்த்தவர் அஸ்வத். அந்த வசனம் இறங்கிய பிறகும் அவர் "மிக்தாத் பின் அஸ்வத்" என்றே பிரபலமாக இருந்தார். அவர் அஸ்வதின் இரத்தம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அது பொய்யாகவில்லை என்பது அறிஞர்களின் விளக்கம். வீட்டில் "அத்தா" என்றோ "வாப்பா" என்றோ பாசமாக அழைப்பதில் ஆட்சேபனை இல்லை. பெரியவர் யாரையும் நாம் அப்படி அழைப்பதுண்டு.

மஹ்ரம் பிரச்சினையை எப்படித் தீர்ப்பது?

வளர்ப்பு மகள் பருவமடைந்த பின் வளர்த்தவருக்கு அந்நியப் பெண். வளர்ப்பு மகனுக்கு வளர்த்தவரின் மனைவி அந்நியர். எடுக்கும்போது குழந்தைதானே என்று யாரும் இதை யோசிப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்து கேட்கும்போது செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை.

குழந்தை இரண்டு வயதுக்குள் இருந்தால் மார்க்கமே ஒரு வழியை வைத்திருக்கிறது. அதுதான் பால்குடி உறவு. பாலூட்டிய தாயும் பால்குடிச் சகோதரிகளும் திருமணம் செய்ய விலக்கப்பட்டவர்கள் என்று 4:23 வசனம் சொல்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்களுக்குத் தனித்தனியாக ஐந்து முறை குடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஹனஃபி மத்ஹபில் ஒரு முறை வயிற்றுக்குள் போனாலே உறவு ஏற்பட்டுவிடும். வயது வரம்பு இரண்டு ஆண்டுகள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தில் இரண்டரை. இங்கே கணக்கு சந்திர ஆண்டு என்பதைக் கவனியுங்கள்.

யார் பால் கொடுப்பது? வளர்க்கும் தாயே கொடுக்க முடிந்தால் நல்லது. பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மருத்துவர் உதவியோடு பால் சுரக்கச் செய்யும் சிகிச்சை இப்போது உண்டு. அந்தப் பெண்ணின் பால்குடி மகள், தாம்பத்தியம் நடந்துவிட்ட கணவருக்கு மனைவியின் மகள் என்ற நிலையில் விலக்கப்பட்டவளாகிவிடுவாள். அது முடியாவிட்டால் சுற்றுவழி உண்டு. எடுத்தது பெண் குழந்தை என்றால் கணவரின் உடன்பிறந்த சகோதரி பாலூட்டட்டும். கணவர் அவளுக்குப் பால்குடி மாமா ஆகிவிடுவார். ஆண் குழந்தை என்றால் மனைவியின் சகோதரி பாலூட்டட்டும். மனைவி அவனுக்குப் பால்குடிச் சாச்சி அல்லது பெரியம்மா. முன்பு சொன்ன ஹம்ஸா (ரலி) அவர்கள் நபிகளாருக்குச் சிறிய தந்தை, பால்குடிச் சகோதரரும்கூட. அவருடைய மகளை மணமுடிக்கலாமே என்று கேட்கப்பட்டபோது அவள் தமக்குப் பால்குடிச் சகோதரரின் மகள் என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. பாலூட்டியவரின் எல்லாப் பிள்ளைகளும் அந்தக் குழந்தைக்கு உடன்பிறப்புகள் ஆகிவிடுவார்கள். மச்சான், மச்சி முறையில் கல்யாணம் பேசுவது நம்மிடம் சாதாரணம். இருபது ஆண்டுகள் கழித்து யாரோ ஒரு பாட்டி, "இந்தப் புள்ளைக்கு அவ பால் கொடுத்தாளே" என்று நிச்சயதார்த்தத்தன்று நினைவுபடுத்தும் நிலை வரக்கூடாது. யார், எந்தத் தேதிகளில், எத்தனை முறை கொடுத்தார்கள் என்று எழுதி, பார்த்தவர்களின் கையொப்பத்தோடு வீட்டில் ஒரு பிரதியும் ஜமாஅத்தில் ஒரு பிரதியும் வையுங்கள். பாலூட்டுவதற்கு முன் இரு தரப்பு உடல்நலத்தையும் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

குழந்தை இரண்டு வயதைத் தாண்டிவிட்டதா? அப்போது இந்த வழி இல்லை. அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பருவ வயதில் ஹிஜாபையும் தனிமையில் இருப்பதில் ஒழுங்கையும் கடைப்பிடித்தால் போதும். கூட்டுக்குடும்பத்தில் பெரியம்மா மகனும் சின்னம்மா மகளும் ஒரே கூரையின் கீழ் பேணுகிற ஒழுங்குதான் இது.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1956 ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. நீண்ட காலமாக முஸ்லிம்களுக்கு இருந்த ஒரே வழி 1890 ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். இதன்படி நீதிமன்றம் உங்களைக் கார்டியனாக நியமிக்கும். பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை அது நீடிக்கும். நஸபு மாறாது, வாரிசுரிமையும் வராது. கஃபாலாவுக்கு மிக நெருக்கமான சட்ட வடிவம் இதுதான் என்பது நம் கருத்து. இறந்துபோன உறவினரின் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைப்போம்.

இளைஞர் நீதிச் சட்டம் வேறு. 2015 ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் எந்த மதத்தவருக்கும் பொதுவானது. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014 இல் உச்ச நீதிமன்றம், முஸ்லிம் ஒருவர் விரும்பினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம், விரும்பாதவர் தன் ஷரீஅத்தின்படி நடக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதாவது சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இதன் 63 ஆவது பிரிவை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தத்து உத்தரவு வந்த நாளிலிருந்து பிள்ளை எல்லா வகையிலும் பெற்ற பிள்ளையாகவே கருதப்படும். பிறந்த குடும்பத்தின் உறவு துண்டிக்கப்படும். பிறப்புச் சான்றிதழில் தத்தெடுத்தவர்களே பெற்றோர். மார்க்கத்தோடு முரண்படும் இடம் சரியாக இதுதான்.

அப்படியானால் இந்த வழியில் போகவே கூடாதா? இங்கே உலமாக்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது. பல அறிஞர்கள் கூடாது என்கிறார்கள். அரசு ஆவணம் வெறும் நிர்வாகக் காகிதம், உள்ளத்தாலும் நடைமுறையாலும் நஸபைக் காத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களும் உண்டு. நம்மைக் கேட்டால், கார்டியன் முறைக்கோ அடுத்துச் சொல்லப்போகும் வளர்ப்புப் பராமரிப்புக்கோ வழியிருக்கும்போது அதையே எடுங்கள். தத்து முறையில் ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் பயந்துபோய்ப் பிள்ளையை விட்டுவிட நினைப்பது பெரிய அநியாயம். அவர்கள் செய்ய வேண்டியது, பிள்ளையிடமும் உறவுகளிடமும் உண்மையை மறைக்காமல் இருப்பதும், சொத்து விஷயத்தை ஷரீஅத்தின்படி உயிரோடு இருக்கும்போதே ஒழுங்கு செய்வதும்தான்.

நடைமுறை சுருக்கமாக: மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை தருவார். தம்பதி என்றால் இரண்டு ஆண்டு மணவாழ்க்கை முடிந்திருக்க வேண்டும், இருவரின் சம்மதமும் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 85 ஐத் தாண்டக்கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு இந்த வரம்பு உயரும். தனித்து வாழும் பெண் ஆண், பெண் எந்தக் குழந்தையையும் எடுக்கலாம். தனித்து வாழும் ஆண் பெண் குழந்தையை எடுக்க முடியாது. 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். கைக்குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும்.

"ஒரு நர்ஸம்மா குழந்தை இருக்குதுன்னு சொல்றாங்க..."

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நமக்கு உள்ளுக்குள் நடுக்கம் ஏற்படுகிறது. வறுமையில் இருக்கும் தாய் அல்லது மணமாகாத பெண் பெற்ற குழந்தையை ஒரு தொகை கொடுத்து வாங்கி, மருத்துவமனைப் பதிவிலேயே தன் மனைவி பெற்றதாக எழுதிவிடுவது. ஊர் வாயை அடைக்க, ஏழாம் மாதமே மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பதும் நடக்கிறது.

சட்டப்படி, முறையான வழியை மீறிப் பிள்ளையைக் கொடுப்பதும் வாங்குவதும் 80 ஆவது பிரிவின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பணம் கைமாறினால் 81 ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது. மார்க்கப்படியோ, தந்தை அல்லாதவரைத் தந்தை என்று ஆவணமாக்கும் இந்தப் பொய்யைத்தான் அல்அஹ்ஸாப் வசனங்கள் தடுத்தன. பணத்துக்காகப் பறிக்கப்பட்ட பிள்ளையாக அது இருந்தால், ஒரு தாயின் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது.

பெற்ற தாய் உண்மையிலேயே வளர்க்க முடியாமல் தவித்தால், அவர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் உண்டு. வாசலில், குப்பைத்தொட்டியில், பேருந்து நிலையத்தில் குழந்தை கண்டெடுக்கப்பட்டால் ஃபிக்ஹில் அதற்கு லகீத் என்று பெயர். எடுத்துக் காப்பாற்றுவது ஃபர்ளு கிஃபாயா. எடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லிவிட வேண்டும். "அல்லாஹ் நமக்காகவே அனுப்பியது" என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது. தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய் எங்கோ இருக்கலாம்.

வளர்ப்புப் பராமரிப்பு என்பது என்ன?

ஃபாஸ்டர் கேர் என்று சொல்லப்படும் இந்த முறை நம் மக்களுக்கு அதிகம் தெரியவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 44 ஆவது பிரிவு இதைப் பற்றியது. பெற்றோர் சிறையில் இருக்கலாம், மனநோயில் இருக்கலாம், அல்லது தத்துக்கு யாரும் முன்வராத ஆறேழு வயதுப் பிள்ளையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களைக் குழந்தைகள் நலக் குழு ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கிறது. பெயர் மாறாது, பிறந்த குடும்பத்தின் உறவும் அறுபடாது. உடன்பிறந்த பிள்ளைகளைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்க முயல வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது.

கஃபாலாவை விளக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஆனாலும் நம்மவர்கள் தயங்குகிறார்கள். "வளர்த்த பிறகு திருப்பிக் கேட்டால்?" என்கிறார்கள். கேட்கலாம்தான். பிள்ளையை அதன் தாயிடம் திரும்பச் சேர்ப்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு நோக்கம். அந்தப் பிரிவைத் தாங்க மனம் இல்லாதவர்கள் இதை எடுக்காமல் இருப்பதே நல்லது. விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும்.

சொத்து?

வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. பால்குடி உறவும் பங்கைத் தராது. ஆனால் பங்கு இல்லை என்பதற்கும் ஒன்றுமே இல்லை என்பதற்கும் நிறைய இடைவெளி இருக்கிறது. வாரிசு அல்லாதவருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம்.

கணக்காகவே பார்ப்போம். பிள்ளை பெறாத ஒருவர் 30 லட்சம் விட்டுச் செல்கிறார். கடன் எதுவும் இல்லை. இருப்பது மனைவியும் இரண்டு தம்பிகளும். வஸிய்யத் எழுதவில்லை என்றால் மனைவிக்குக் கால் பங்கு 7.5 லட்சம், தம்பிகளுக்கு 22.5 லட்சம், வளர்த்த மகளுக்கு ஒன்றும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு எழுதியிருந்தால் மகளுக்கு முதலில் 10 லட்சம். மீதி 20 இல் மனைவிக்கு 5, தம்பிகளுக்கு 15. ஒரு தாள் எழுதிவைக்காததால் அந்தப் பெண் நடுத்தெருவுக்கு வருவதை அல்லாஹ்வின் சட்டத்தின் மேல் பழியாகப் போடக்கூடாது.

இது தவிர ஹிபா இருக்கிறது. உயிரோடு ஆரோக்கியமாக இருக்கும்போது வீட்டையோ நகையையோ அன்பளிப்பாகக் கொடுத்துக் கைவசமும் ஒப்படைத்துவிட்டால் அதற்கு மூன்றில் ஒரு பங்கு வரம்பு கிடையாது. நிலம், வீடு என்றால் பத்திரமாகப் பதிவு செய்துவிடுங்கள். வாயால் சொன்ன ஹிபா மையித்து அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே மறுக்கப்படுகிறது. மற்ற வாரிசுகளை வஞ்சிக்கும் நோக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுவது பாவம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கென்று அதன் பெற்றோர் விட்டுச்சென்ற சொத்து இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அநாதையின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று 4:10 எச்சரிக்கிறது. பிள்ளைக்கு விவரம் வந்ததும் சாட்சிகள் முன்னால் ஒப்படைக்க வேண்டும் என்பது 4:6.

பிள்ளையிடம் எப்போது சொல்வது?

நான்கைந்து வயதிலேயே கதையாகச் சொல்லத் தொடங்குங்கள். மூஸா (அலை) எந்த வீட்டில் வளர்ந்தார்கள், நம் நபி (ஸல்) அவர்களை யார் யார் வளர்த்தார்கள் என்று சொல்லும்போதே, "நீயும் அப்படி எங்களிடம் வந்த பிள்ளை" என்பதும் சேர்ந்துவிடும். நபி (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்து, பாட்டனாரிடமும் பிறகு பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்தவர்கள் என்பது எந்த வளர்ப்புப் பிள்ளைக்கும் கிடைத்த பெரிய ஆறுதல். பத்து வயதைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து கேட்டால் பிள்ளை வளர்த்தவர்களை மன்னிக்கச் சிரமப்படும்.

மறைத்துவைத்த உண்மை பெரும்பாலும் நிக்காஹ் மேடையில்தான் வெளியே வருகிறது. வலீ யார் என்று காஜி கேட்கும்போது வளர்த்தவர் முன்னால் வந்து நிற்கிறார். அவர் வலீ ஆக முடியாது. பெண்ணின் தந்தை வழி உறவினர் யாராவது இருந்தால் அவர்தான் வலீ. யாருமே இல்லாதவருக்கு ஆட்சியாளரே வலீ என்பது ஹதீஸ். நம் நாட்டில் அந்த இடத்தில் காஜியோ ஜமாஅத்தோ நின்று நடத்திவைக்கிறார்கள். வளர்த்தவர் உரிய வலீயிடமிருந்து வக்கீலாக, அதாவது பிரதிநிதியாக, நியமனம் பெற்று அவரே நிக்காஹைச் செய்துவைக்கவும் முடியும். ஷாஃபிஈ மத்ஹபில் வலீ இல்லாமல் நிக்காஹ் செல்லாது என்பதால் இதை அலட்சியமாக விட முடியாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

எங்களால் வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. என்ன செய்யலாம்?

எத்தீம் என்றால் மார்க்கத்தில் தந்தையை இழந்த, பருவமடையாத பிள்ளை. பெரும்பாலான எத்தீம்களுக்குத் தாய் உயிரோடு இருக்கிறார். வருமானம் இல்லாததால்தான் அந்தத் தாய் பிள்ளையை விடுதியில் விடுகிறார். அவருக்கு ஒரு தையல் இயந்திரமோ, வாடகையோ, பள்ளிக் கட்டணமோ கிடைத்தால் பிள்ளை தாய் மடியிலேயே வளரும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 45 ஆவது பிரிவு இதற்கென்றே ஆதரவுத் தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இது மாதம் 4,000 ரூபாய். விதவைத் தாய்மார்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. விண்ணப்பத்தை நிரப்பி, வருமானச் சான்று, இறப்புச் சான்று, பள்ளிச் சான்று எல்லாம் சேர்த்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்துவர, ஜமாஅத்தில் படித்த இளைஞர்கள் இரண்டு பேர் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். இத்தா முடிந்ததும் முதலில் அந்த வீடுகளுக்குத்தான் போக வேண்டும்.